எது முதலில் தரையைத் தொட வேண்டும்?

என் மோட்டார் சைக்கிள் முதன்முதலாக விழுந்தபோது அது ஓடிக்கொண்டிருக்கவில்லை. லேசான சரிவில் நிறுத்தியிருந்ததை இருக்கையில் உட்கார்ந்தபடியே பின்னுக்குத் தள்ளி எடுத்தேன். வலது காலை ஊன்றப் போன இடத்தில் தரை நான் நினைத்ததைவிட நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது. கால் தரையைத் தேடிய அந்த ஒரு கணத்தில் வண்டி சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிப் பார்த்தேன், முடியவில்லை. பெரிய சத்தம்கூட எழவில்லை. வண்டியை நிமிர்த்திப் பார்த்தால் டேங்கில் கீறல் இல்லை, விளக்கு உடையவில்லை, சைலன்சரில் சின்ன உராய்வு மட்டும் இருந்தது. ஆனால் முன் பிரேக் லீவர் பிடிமானத்திற்கு இரண்டு விரல் தள்ளி முறிந்து, முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போல் பொரபொரவென்று தெரிந்தது. முன் பிரேக் இல்லாத வண்டியை ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. அங்கேயே பூட்டிவிட்டு, மறுநாள் புது லீவரோடு திரும்பி வந்தேன்.

நூறு கிராம் எடைகூட இல்லாத ஒரு வார்ப்பு அலுமினியத் துண்டு முழுப் பயணத்தையும் நிறுத்திவிட்டது என்பது அன்று என்னை மிகவும் உறுத்தியது. அதன்பிறகு சில ஆண்டுகளாக, நின்ற இடத்திலோ நடக்கும் வேகத்திலோ வண்டி விழும்போது என்ன நடக்கிறது என்பதைக் கவனமாகப் பார்த்து வருகிறேன். என் வண்டி, நண்பர்களின் வண்டிகள், பழுதுபார்க்கும் இடத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் வண்டிகள் என்று எதையும் விட்டதில்லை. நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: எந்த வண்டியையும் உடையாத வண்டியாக ஆக்கிவிட முடியாது, ஆனால் எது முதலில் தரையைத் தொட வேண்டும், எது வளைந்து கொடுக்க வேண்டும், எது எக்காரணம் கொண்டும் அடி வாங்கக் கூடாது என்ற வரிசையை நாமே முன்கூட்டி அமைத்துக்கொள்ள முடியும். அடியைத் தாங்கிக்கொள்ளும் காப்பான கார்டு வாங்குவது அந்த வேலையில் ஒரு பகுதிதான்.

வண்டி ஏன் நம் கையை மீறிப் போகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 180 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் எடை மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், நாம் அதை ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்திருப்பதாகவும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், வண்டி 10 பாகை சாய்ந்திருக்கும்போது அதைத் தாங்கிப் பிடிக்க 17 கிலோ அளவுக்கான விசை போதும். ஒரு கையாலேயே சமாளித்துவிடலாம். 30 பாகையில் அதுவே ஏறத்தாழ 50 கிலோ ஆகிறது. 45 பாகையில் 70 கிலோ. சாய்வு கூடக் கூடச் சுமை ஏறுகிறது, சுமை ஏற ஏற வண்டி இன்னும் வேகமாகச் சாய்கிறது, நம் காலும் முதுகும் அதற்குள் வசமில்லாத கோணத்துக்குப் போய்விடுகின்றன. டேங்க் நிறைந்திருந்தால் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசமாகும். பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ என்பதால் 15 லிட்டர் என்பது 11 கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில்.

அதே வண்டி பக்கவாட்டில் விழுந்து படுக்கும்போது எடை மையம் ஏறத்தாழ கால் மீட்டர் கீழே இறங்குகிறது. 45 கிலோ மூட்டை ஒன்றை இடுப்பளவு உயரத்திலிருந்து, அதாவது ஒரு மீட்டரிலிருந்து, கீழே போட்டால் எவ்வளவு ஆற்றல் வெளிப்படுமோ அவ்வளவு ஆற்றல் அந்த ஒரு சாய்வில் வெளிப்படுகிறது. வேகமான விபத்தில் வண்டி வழுக்கிக்கொண்டே போவதால், ஆற்றலின் பெரும்பகுதி நீண்ட உராய்வாகத் தேய்ந்து தீர்கிறது. நின்ற இடத்தில் விழும் வண்டிக்கு அந்த வசதி இல்லை. விழுந்த இடத்திலேயே, இரண்டு மூன்று புள்ளிகளில், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். வேகமே இல்லாமல் விழுந்த வண்டியில் லீவர் முறிவதும் இன்ஜின் கவர் விரிசல் விடுவதும் இதனால்தான். அந்த இரண்டு மூன்று புள்ளிகள் எவை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

அதற்கு நான் செய்யும் சோதனைக்கு ஒரு நீளமான, நேரான மரப்பலகை போதும். வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, அது அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பலகையின் ஒரு முனையை டயர் தரையைத் தொடும் இடத்தின் ஓரமாக வைத்து, மறுமுனையைத் தரையிலிருந்து மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே வர வேண்டும். வண்டி தரையை நோக்கிச் சாய்வதற்குப் பதிலாக, தரை வண்டியை நோக்கி எழுந்து வருவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். பலகை முதலில் எதில் முட்டுகிறதோ அதுதான் விழும்போது முதல் அடி வாங்கப்போகும் பாகம். இதை முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் செய்து பார்த்து, முட்டிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துவைக்க வேண்டும். பிறகு ஹேண்டில்பாரை இடதுபுறம் முழுவதும் திருப்பி ஒருமுறை, வலதுபுறம் முழுவதும் திருப்பி ஒருமுறை. மெதுவான வேகத்தில் விழும் வண்டி பெரும்பாலும் ஹேண்டில்பார் திரும்பிய நிலையில்தான் விழுகிறது என்பதால் இந்த இரண்டு சுற்றுகளையும் விட்டுவிடக் கூடாது.

என் வண்டியில் இதைச் செய்தபோது நான் எதிர்பார்த்ததும் நடந்தது, எதிர்பாராததும் நடந்தது. ஹேண்டில்பார் நேராக இருந்தபோது முதலில் முட்டியது ஹேண்டில்பாரின் இரு முனையிலும் இருக்கும் உலோகக் கட்டிகளான பார் எண்டு எடைகள் அல்ல. இரண்டு பக்கமும் லீவரின் உருண்டை முனைதான், ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வண்டியை வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது, நான் கவனித்ததில்லை. கீழே, வலதுபுறம் ஃபுட்ரெஸ்ட் முதலில் தொட்டது. இடதுபுறத்தில் ஃபுட்ரெஸ்டுக்கும் கியர் லீவரின் நுனிக்கும் இடையே ஒரு தாளின் இடைவெளிகூட இல்லை. இன்ஜினின் பக்கவாட்டுக் கவர் அவற்றைவிட இரண்டு சென்டிமீட்டர்தான் உள்ளே இருந்தது. அப்படியானால் தரை சமமாக இருக்கும்வரை கவர் தப்பிக்கும், ஒரு முஷ்டி அளவுக் கல் கிடந்தால் தப்பிக்காது. இந்தச் சோதனைக்குப் பிறகுதான் எந்தக் கார்டு வேண்டும், எங்கே வேண்டும் என்பதே எனக்கு விளங்கியது. கடையில் கார்டைப் பார்த்து மயங்குவதற்கு முன் எல்லோரும் பலகையை எடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் லீவர்கள். பிரேக் லீவரையும் கிளட்ச் லீவரையும் ஹேண்டில்பாரில் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, முழு அமைப்பையும் உள்பக்கம் ஒரு சென்டிமீட்டரோ ஒன்றரை சென்டிமீட்டரோ நகர்த்த இடமிருந்தால், லீவரின் முனை பார் எண்டுக்குள் அடங்கிவிடும். இதற்கு ஒரு பொருளும் வாங்க வேண்டியதில்லை. நகர்த்திய பிறகு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பி, பிரேக் குழாயோ கிளட்ச் கேபிளோ இழுபடுகிறதா, லீவர் கைப்பிடியிலோ ஸ்விட்ச் பெட்டியிலோ இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தது கிளாம்பின் இறுக்கம். பெரும்பாலானோர் அந்த இரண்டு போல்ட்டுகளையும் இனி ஒருபோதும் அசையக் கூடாது என்பதுபோல் முறுக்கிவிடுகிறார்கள். அப்படி முறுக்கப்பட்ட லீவருக்கு அடி விழும்போது ஒதுங்கிக்கொள்ள வழியே இல்லாததால் அது முறிந்துபோகிறது. கிளாம்புக்கு அடியில் ஹேண்டில்பாரைச் சுற்றி, குழாய்க்காரர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, சாதாரணமாகப் பயன்படுத்தும்போது அசையாமலும் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் சுழலும்படியும் போல்ட்டை இறுக்கினால், விழும்போது லீவர் மேல்நோக்கித் திரும்பி ஒதுங்கிக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போது நாம் லீவரைக் கைப்பிடியை நோக்கி இழுக்கிறோமே தவிர ஹேண்டில்பாரைச் சுற்றித் திருப்புவதில்லை என்பதால் இந்த அளவு இறுக்கம் பிரேக்கைப் பாதிக்காது. ஆனாலும் செய்து முடித்தவுடன், வண்டியை நிறுத்தி வைத்து முழு பலத்தோடு பிரேக்கைப் பத்து முறை பிடித்துப் பார்க்காமல் சாலைக்குப் போகக் கூடாது.

லீவரின் முனையில் இருக்கும் உருண்டை அழகுக்காக வைக்கப்பட்டதல்ல. விழும்போது அது மனித உடம்பில் குத்திவிடாமல் இருப்பதற்காகவே அந்த வடிவம். சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் பந்தய விதிகள் அந்த உருண்டைக்குக் குறைந்தது 16 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும் என்கின்றன. சில லீவர்களில் உருண்டைக்குச் சற்று முன்னால் ஒரு சிறு பள்ளம் செதுக்கப்பட்டிருக்கும். முறிய நேர்ந்தால் அந்தப் பள்ளத்தில்தான் முறிய வேண்டும், மீதமிருக்கும் பகுதி இரண்டு மூன்று விரல்களுக்காவது பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு அது. என் பழைய லீவரில் அந்தப் பள்ளம் இல்லை. பள்ளம் இல்லாத லீவரைத் தாங்களாகவே அரத்தால் அறுத்துப் பள்ளம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரேக் லீவரில் அந்தச் சோதனையைச் செய்ய எனக்குத் துணிவில்லை, பிறருக்கும் சொல்ல மாட்டேன். வளைந்த லீவரைத் திரும்ப நிமிர்த்திப் பயன்படுத்துவதும் அதே வகையான ஆபத்துதான். வார்ப்பு அலுமினியத்தை ஒருமுறை வளைத்து மறுமுறை நிமிர்த்தினால் உள்ளே விரிசல் ஓடியிருக்கக்கூடும், அது கண்ணுக்குத் தெரியாது. கரடுமுரடான பாதைகளில் ஓட்டுகிறவர்கள், உள்ளே அலுமினியப் பட்டை ஓடும் ஹேண்ட் கார்டைப் போட்டால் இந்தப் பிரச்சினையே பெருமளவு தீர்ந்துவிடும். இரண்டு முனையிலும் ஹேண்டில்பாரோடு பிணைக்கப்பட்ட கார்டுதான் லீவரைக் காக்கும். ஒரே முனையில் தொங்கும் பிளாஸ்டிக் கார்டு காற்றையும் மழையையும் தடுப்பதோடு சரி.

லீவரை உள்ளே தள்ளிவிட்டால் முதல் அடி பார் எண்டு எடைக்குப் போகிறது. இது நல்லதுதான். கைப்பிடியின் அதிர்வைக் குறைப்பதற்காக வைக்கப்பட்ட அந்த உலோகக் கட்டி தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வலதுபக்கத்தில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அடி வாங்கிய பார் எண்டு உள்பக்கமாக நகர்ந்து ஆக்ஸிலேட்டர் கைப்பிடியின் ரப்பரோடு ஒட்டிக்கொண்டால், முறுக்கிய ஆக்ஸிலேட்டர் தானாகத் திரும்பாது. ஒரு நண்பரின் வண்டி விழுந்து நிமிர்த்தப்பட்ட பிறகு, அவர் கிளப்புவதற்கு முன் பழக்கத்தின்படி கைப்பிடியை முறுக்கிவிட்டார். அது முறுக்கிய இடத்திலேயே நின்றுகொண்டது. இன்ஜின் ஓடாமல் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. பார் எண்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், விழுந்த பிறகு அதே இடைவெளி இருக்கிறதா என்று மீண்டும் பாருங்கள்.

ஹேண்டில்பார் திரும்பிய நிலையில் விழும்போது இன்னொரு பாகம் சத்தமில்லாமல் அடி வாங்குகிறது. ஹேண்டில்பார் ஓர் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்க, ஸ்டியரிங் கழுத்தருகே சிறு உலோக நிறுத்தி ஒன்று இருக்கும். இடதுபுறம் திரும்பிய வண்டி இடதுபுறமே விழுந்தால், தரை தரும் அடி ஹேண்டில்பாரை மேலும் இடதுபுறம் திருப்பப் பார்க்கிறது; அவ்வளவு விசையும் அந்த நிறுத்தியில் போய் முட்டுகிறது. நீண்ட ஹேண்டில்பார் நெம்புகோலாக வேலை செய்வதால் நிறுத்தி நசுங்கவோ உடையவோ செய்யலாம். அது நசுங்கிய வண்டியில் அடுத்த முறை ஹேண்டில்பார் முழுவதும் திரும்பும்போது ஸ்விட்ச் பெட்டி டேங்கில் இடித்துக் குழி விழும், நம் கட்டை விரலும் அங்கே மாட்டலாம். இதைத் தடுக்கும் கார்டு எனக்குத் தெரிந்து பொதுவாகக் கிடைப்பதில்லை. பார் எண்டு தரையை எட்டுவதற்கு முன்பே கீழே இன்ஜின் கார்டு தரையில் ஊன்றிப் பெரும்பாலான எடையை வாங்கிக்கொள்வதுதான் ஒரே வழி.

கார்டுக்கு வருவோம். எஃகுக் குழாயில் செய்த கிராஷ் கார்டு, நைலான் அல்லது அசிட்டால் பிளாஸ்டிக்கில் செய்த ஸ்லைடர் என்று இரண்டு வகைகள் முக்கியமானவை. ஸ்லைடர் பந்தயத் தளத்திலிருந்து வந்த பொருள்; வழவழப்பான சாலையில் வண்டி வழுக்கிப் போகும்போது ஃபேரிங் எனப்படும் வெளிப்புறப் பிளாஸ்டிக் உறையும் இன்ஜினும் தேயாமல் காப்பது அதன் வேலை. நின்ற இடத்தில் விழும் வண்டிக்கும் அது உதவும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஸ்லைடர் என்பது ஒரே ஒரு போல்ட்டின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை. அதன் நீளம் இரண்டு மடங்கானால் அதே அடிக்கு போல்ட்டின் அடியில் ஏறும் வளைவு விசையும் இரண்டு மடங்காகிறது. ஃபேரிங்கைத் தாண்டி நீட்ட வேண்டும் என்பதற்காக மிக நீளமான ஸ்லைடரைப் போட்டு, விழுந்தபோது ஃபேரிங்கைக் காப்பாற்றி, போல்ட் இறங்கியிருந்த இன்ஜின் காதையே, அதாவது போல்ட்டைப் பிடித்திருக்கும் வார்ப்புப் பகுதியையே, உடைத்துக்கொண்ட வண்டியை நான் நேரில் பார்த்தேன். ஸ்லைடர் புத்தம் புதிதாக இருந்தது. அதன் பின்னால் அலுமினிய வார்ப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து, விரிசல் ஒரு முடியிழைபோல் ஓடி, அதன் ஓரத்தில் எண்ணெய் முத்துக் கோத்திருந்தது. பாதுகாக்க வேண்டியதைவிடப் பாதுகாக்கும் பொருள் வலுவாக இருந்தால் இப்படித்தான் முடியும்.

போல்ட்டிலும் இதே தவறு நடக்கிறது. போல்ட்டின் தலையில் 8.8, 10.9, 12.9 என்று பொறிக்கப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அது அறுந்துபோகும் வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். இரண்டாவது எண், அந்த வலிமையில் எத்தனை பத்திலொரு பங்கை எட்டியதும் அது நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்பதைச் சொல்லும். ஆக 8.8 என்பது 800 மெகாபாஸ்கலில் அறுவது, 640-இல் வளையத் தொடங்குவது. பெரிய எண்ணே நல்லது என்று எண்ணி 12.9 போடுகிறவர்கள், வளைந்து கொடுக்கத் தயங்கும் ஒரு போல்ட்டை மென்மையான அலுமினியக் காதில் மாட்டுகிறார்கள் என்பதை யோசிப்பதில்லை. மாறாக, இன்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டைக் கழற்றி அதன் இடத்தில் தரம் குறைந்த நீள போல்ட்டை மாட்டுவது அதைவிடப் பெரிய தவறு. வண்டியின் கையேட்டில் சொல்லப்பட்ட தரம், சொல்லப்பட்ட முறுக்கு அளவு, அந்த அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஆகிய மூன்றும் இல்லாமல் இன்ஜின் போல்ட்டில் கை வைக்க வேண்டாம்.

குழாய் கார்டில் நான் முதலில் பார்ப்பது குழாயின் தடிமனை அல்ல, அது எத்தனை இடங்களில் பிடித்திருக்கிறது என்பதைத்தான். ஒவ்வொரு பக்கமும் இரண்டு இடங்களில் மட்டும் பிடித்திருக்கும் கார்டு, அடி விழுந்ததும் அந்த இரண்டையும் அச்சாகக் கொண்டு மடங்கி, தான் காக்க வேண்டிய இன்ஜின் கவரின் மேலேயே போய் உட்கார்ந்துவிடும். மூன்று இடங்களில் பிடித்து, இடது வலது கார்டுகளை முன்னாலோ அடியிலோ ஒரு குறுக்குக் குழாயால் இணைத்திருந்தால், ஒரு பக்கத்து அடியை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளும். குழாய்க்கும் கவருக்கும் இடையே குறைந்தது இரண்டு விரல் இடைவெளி வேண்டும், ஏனெனில் எஃகுக் குழாய் அடி வாங்கும்போது உள்ளே வளைந்துவிட்டுத் திரும்பும். பற்றவைப்பு வளைவின் உச்சியிலோ பிடிப்புத் தகட்டின் விளிம்பிலோ இருந்தால் முறிவு அங்கேதான் தொடங்கும். மூன்று நான்கு கிலோவோ அதற்கு மேலோ கூடுதல் எடையை முன்பக்கத்தில் சுமக்கிறோம் என்பதை நான் மறுக்கவில்லை; அதற்கு ஈடாகக் கிடைப்பது என்னவென்றால், வண்டி தரையோடு தரையாகப் படுக்காமல் கார்டின் மேல் சாய்ந்து நிற்கும், காலை உருவிக்கொள்ள இடம் இருக்கும், தூக்குவதும் எளிதாகும். ஓட்டுகிறவரின் கணுக்காலுக்காகவே கார்டு போடலாம் என்பது என் கருத்து.

இன்ஜின் கவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருபக்கமும் உள்ள கிளட்ச் கவரும் மேக்னெட் கவரும் மெல்லிய அலுமினிய வார்ப்புகள்தான். சமதரையில் விழுந்தால் உராய்வோடு போய்விடும், கூரிய கல்லின் மேல் விழுந்தால் துளை விழும். துளை விழுந்தால் எண்ணெய் போய்விடும் என்பது மட்டுமல்ல, ஓடும்போது அந்த எண்ணெய் பின்டயரில் தெறித்தால் அடுத்த விழுதல் மெதுவான விழுதலாக இருக்காது. அதனால் கார்டு காக்காத இடத்தில் கவர் இருந்தால், அதன்மேல் பொருத்தும் கண்ணாடியிழை கலந்த நைலான் மேற்கவர் பயனுள்ள செலவு. நீண்ட பயணங்களில் இரண்டு களிமண் போன்ற துண்டுகளைப் பிசைந்து ஒட்டும் எபாக்சிப் பசையை நான் கருவிப் பையில் வைத்திருப்பேன். எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, சுரண்டி, ஒட்டி, இறுக விட்டால், பழுதுபார்க்கும் இடம்வரை போய்ச் சேர அது போதும்.

ஃபுட்ரெஸ்ட் மேல்நோக்கி மடங்கும் வகையாக இருந்தால் சட்டத்தில் அடி ஏறாது. அதன் கீல் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தால் மடங்காத வகையோடு அது சமம். கியர் லீவர் நுனி மடங்கும் வகையில் கிடைக்கிறது, கிடைத்தால் போட்டுவிடலாம், ஏனென்றால் அதில் விழும் அடி கியர் தண்டுவரை போகக்கூடியது. இண்டிகேட்டர்களுக்கு ரப்பர் காம்பு போதும். கண்ணாடிகளுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பல யமஹா வண்டிகளில் வலதுபுறக் கண்ணாடியின் மரை மட்டும் எதிர்த்திசையில் இருக்கும். முன்னாலிருந்து அடி பட்டால் கண்ணாடி இறுகி முறியாமல், தளர்ந்து சுழன்றுவிடும். அதைக் கழற்றத் தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்துக்கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நிறுத்தி வைத்த வண்டி விழுவதற்குப் பெரும்பாலும் சைடு ஸ்டாண்டுதான் காரணம். வெயிலில் இளகிய தாரிலும் மழையில் ஊறிய மண்ணிலும் ஸ்டாண்டின் சிறிய பாதம் மெல்ல மெல்லப் புதைகிறது. நாம் போய் அரை மணி நேரம் கழித்து வண்டி விழுகிறது. ஸ்டாண்டின் பாதத்தில் அகலமான தகடு ஒன்றைப் பொருத்திவிட்டால் அதே எடை பரந்த இடத்தில் இறங்கும். ஒரு தட்டையான கல்கூடப் போதும், தேடி எடுத்து வைக்கும் பொறுமைதான் வேண்டும். சரிவில் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்க வேண்டும், முதல் கியரில் நிற்க வேண்டும். மூக்கு பள்ளத்தைப் பார்த்திருந்தால் வண்டி முன்னே உருண்டு ஸ்டாண்டை மடக்கிவிடும். ஸ்டாண்டு இடதுபுறம் இருப்பதால் ஹேண்டில்பாரையும் இடதுபுறம் முழுவதும் திருப்பி வைப்பதே உறுதியான நிலை.

ஓட்டும்போது நடப்பவற்றில், நடக்கும் வேகத்தில் திரும்பிக்கொண்டிருக்கையில் முன் பிரேக்கைப் பிடிப்பதுதான் வண்டியைச் சாய்ப்பதில் முதலிடம் வகிக்கிறது. ஹேண்டில்பார் திரும்பியிருக்க, முன் சக்கரம் சட்டென்று நின்றுவிட, வண்டியின் எடை மட்டும் முன்னே போக முயன்று உள்பக்கமாகக் கவிழ்கிறது. அந்த வேகத்தில் பின் பிரேக்கும் பாதி பிடித்த கிளட்சும் மட்டுமே போதும். முழுவதும் நிற்க வேண்டியிருந்தால் முதலில் ஹேண்டில்பாரை நேராக்கிவிட்டு நிற்க வேண்டும். கால் ஊன்றும் முன் தரையைப் பார்க்க வேண்டும் என்பதை நான் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சரிவில் நிற்கும்போது எப்போதும் மேட்டுப் பக்கக் காலையே ஊன்றுங்கள். இவ்வளவுக்கும் பிறகு வண்டி 30 பாகையைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால், தயவுசெய்து விட்டுவிடுங்கள். 50 கிலோவை அரைகுறைக் காலூன்றலில் தாங்கப் போனால் முதுகோ தோளோ பிசகும், கால் வண்டிக்கு அடியில் போகும். கையை எடுத்துவிட்டு, காலை விலக்கிக்கொண்டு, வண்டியை அதற்கென்று நாம் அமைத்து வைத்த பாகங்களின்மேல் விழ விட வேண்டும்.

விழுந்த வண்டியைத் தூக்க அவசரப்பட வேண்டாம். முதலில் இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்ச், பிறகு சாவி. பெட்ரோல் கசிகிறதா என்று பாருங்கள். வலதுபுறம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், முதல் கியரையும் கையாலேயே அழுத்திப் போட்டுவிடலாம். இதைச் செய்யாமல் தூக்கிய வேகத்தில் வண்டியை மறுபக்கம் சாய்த்தவர்கள் உண்டு. ஹேண்டில்பாரைத் தரைப்பக்கம் முழுவதும் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் ஓரத்தில் இடுப்பை அழுத்திக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையோ சட்டத்தையோ பிடித்து, கைகளை நீட்டிய நிலையிலேயே வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடிகளாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். தூக்குவது தொடைகள்தான். பிளாஸ்டிக் பேனலையும் இண்டிகேட்டரையும் பிடித்தால் விழுந்தபோது உடையாதது தூக்கும்போது உடையும். சைலன்சர் சுடும் என்பதையும் அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம்.

பெரும்பாலான ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், வண்டி மிகவும் சாய்ந்தால் இன்ஜினை அணைக்கும் சென்சார் இருக்கிறது. சாவியை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போடும்வரை வண்டி கிளம்பாது. கிளம்பவில்லை என்று பதறுகிறவர்களில் பலருக்கு அவ்வளவுதான் விஷயம். ஆனால் நிமிர்த்தியவுடன் கிளப்புவதை நான் விரும்புவதில்லை. இடம் மாறிய எண்ணெய் கீழே இறங்கச் சில நிமிடங்கள் கொடுத்து, எண்ணெய் அளவைப் பார்த்து, கவர்களின் அடியில் விரலால் தடவிக் கசிவைத் தேடுகிறேன். ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டு விட்டால் சட்டென்று திரும்புகிறதா என்று, ஹேண்டில்பார் நேராக, இடது, வலது ஆகிய மூன்று நிலைகளிலும் பார்க்கிறேன். முன் பிரேக் லீவர் பஞ்சுபோல் அமுங்கினால், படுத்திருந்தபோது எண்ணெய்க் கிண்ணத்திலிருந்த காற்று குழாய்க்குள் புகுந்திருக்கிறது என்று பொருள். பல முறை மெல்லப் பிடித்து விட்டும் அது கெட்டிப்படாவிட்டால் வண்டியை ஓட்டக் கூடாது. கியர் லீவர் உள்ளே வளைந்து கவரில் இடிக்கிறதா, பின் பிரேக் பெடல் முழுவதும் மேலே திரும்புகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முன் சக்கரம் நேராக இருக்க ஹேண்டில்பார் மட்டும் கோணலாகத் தெரிந்தால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முறுகியிருக்கலாம். பெரும்பாலும் கிளாம்புகளைத் தளர்த்தி நேராக்கிவிட முடியும், அதைத் தெரிந்தவர் கையில் ஒப்படைப்பது நல்லது.

சென்ற மழைக்காலத்தில் ஈர மண்ணில் வண்டியைத் திருப்பும்போது பின் சக்கரம் வழுக்கி, வண்டி மீண்டும் ஒருமுறை என் காலருகே படுத்தது. இம்முறை நான் பிடிக்க முயலவில்லை. நிமிர்த்திய பிறகு பார்த்தபோது இடதுபுறக் கார்டின் பூச்சு ஒரு கட்டைவிரல் நீளத்துக்குப் பெயர்ந்திருந்தது, பார் எண்டின் விளிம்பில் மண் அப்பியிருந்தது. கிளட்ச் லீவர் முறியாமல், வானத்தைப் பார்த்தபடி மேலே திரும்பி நின்றது. உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். டெஃப்லான் டேப்பின் ஓர் இழை கிளாம்பின் ஓரத்தில் பிதுங்கித் தெரிந்தது. பத்து நிமிடம் காத்திருந்து, எல்லாவற்றையும் சரிபார்த்து, முதல் கியரைப் போட்டுக் கிளம்பினேன்.